ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உள்பாகங்களைத் தேடுவதும் மீட்பதும்

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முனைபவருக்கு என்ஜின் பாகங்கள் எப்படியாவது கிடைத்துவிடும். கதவின் உள்பலகையும் டேஷ்போர்டு மீட்டரும்தான் ஆண்டுக்கணக்கில் காக்க வைக்கும். ஆகவே, கிழிந்ததோ உடைந்ததோ, எதையும் காயலான்கடைக்குப் போடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மக்கிப்போன சீட் உறையைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அதன் இடத்தை எழுதி வைத்தால், புதிய ரெக்ஸினை வெட்டுவதற்கு அதைவிட நம்பகமான அளவு வேறு கிடைக்காது.

அடுத்து, உங்களுடையது இரண்டு கதவு வண்டியா, நான்கு கதவு வண்டியா என்பதைப் பொறுத்துத் தேடும் திசையே மாறும். பிரிட்டனில் இதன் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்டு 1959 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது. அங்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால், கைப்பிடி, குமிழ் முதலியவற்றை அங்கிருந்து வரவழைக்க முயலலாம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. அதன் பின்கதவுப் பலகை பிரிட்டனில் இருக்கவே வழியில்லை. முன்கதவும் குட்டையானது என்பதால் அங்கிருந்து வரும் முன்பலகையும் பொருந்தாது. இவற்றுக்குச் சென்னையின் புதுப்பேட்டை, மும்பையின் சோர் பஜார் போன்ற பழைய பொருள் சந்தைகளில் அலைவதே வழி. ஹெரால்டிலிருந்து பிறந்து 1972-இல் வந்த கேஸல் காரின் பாகம் கண்ணில் பட்டாலும் அளந்து பார்க்காமல் ஒதுக்காதீர்கள். கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் ‘இல்லை’ என்பதே பதிலாக இருக்கும். உடைந்த பாகத்தைக் கையில் காட்டினால்தான் கடைக்காரர் பரண் மேல் ஏறிப் பார்ப்பார்.

மீட்டர் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவன ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் மைல் கணக்கில் இருக்கும். அதன் முகப்பின் அடியில் பொடி எழுத்தில் உள்ள எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அந்த எண் உங்கள் வண்டிக்கு ஒத்துவராவிட்டால், மீட்டர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தவறான வேகத்தையே காட்டும். பெட்ரோல் மீட்டரில் இரு வகை உண்டு. சாவி போட்டதும் முள் சட்டென்று எழுந்தால் அது பழைய வகை, நேராக 12 வோல்ட்டில் இயங்கும். முள் மெல்ல ஊர்ந்து ஏறினால் அது மின்னழுத்தத்தைச் சீராக்கும் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் வழியாக இயங்கும் வகை. அதை நேரடியாக பேட்டரியில் இணைத்துச் சோதித்தால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடலாம். டாங்கில் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவை அலகும் அதே வகையாக இருக்க வேண்டும்.

கதவுப் பலகை ஊதி வளைவதற்குப் பெரும்பாலும் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீரே காரணம். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த பிளாஸ்டிக் தாளை எப்போதோ ஒரு மெக்கானிக் கிழித்துப் போட்டிருப்பார். மேலுறையைக் கிழியாமல் உரித்து, பழைய பலகையை அச்சாக வைத்துப் புதிய ஹார்டுபோர்டை வெட்டி, இருபுறமும் வார்னிஷ் பூசிக் காய்ந்த பின்பே உறையை ஒட்டுங்கள். கதவில் கெட்டியான பாலித்தீன் தாளை ஒட்டாமல் பலகையை மாட்டாதீர்கள்.

மர டேஷ்போர்டாக இருந்தால் எந்திரத்தால் தேய்க்கவே வேண்டாம். மேலே ஒட்டியுள்ள வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாதது. ஒருமுறை ஊடுருவித் தேய்ந்துவிட்டால் திரும்பாது. பழைய பூச்சை ரிமூவர் தடவி மென்மையாக வழித்தெடுத்து, நுண்ணிய உப்புத்தாளால் மர ரேகையின் போக்கிலேயே கையால் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுங்கள். ஸ்டீயரிங் விரிசல்களை ‘வி’ வடிவில் சற்று அகலப்படுத்தி எபாக்சி பசையை நிரப்பினால்தான் பிடிக்கும். மேலோட்டமாகப் பூசியது அடுத்த கோடை வெயிலிலேயே பிளந்துவிடும்.