உயில் இல்லாமல் துணை இறந்தால்: சிட்னியில் உரிமை கோருவது எப்படி

நியூ சவுத் வேல்ஸில் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இரு ஆண்களோ இரு பெண்களோ 1999 முதல் சட்டப்படி 'டி ஃபாக்டோ' துணைகள்தான். ஒருவர் உயிலும் பிள்ளைகளும் இல்லாமல் இறந்தால், முழுச் சொத்தும் மற்றவருக்கே. பெற்றோருக்கோ சகோதரருக்கோ பங்கில்லை. ஆனால் தொடர்ந்து 2 வருடமாவது துணைகளாக வாழ்ந்திருக்க வேண்டும். உறவை அரசாங்கத்தில் பதிவு செய்திருந்தால் அந்த 2 வருடக் கணக்கும் தேவையில்லை.

சட்டம் சரிதான், நிரூபிப்பதில்தான் தலையிடி. நம்மில் பலர் ஊருக்கு 'ரூம்மேட்' என்று சொல்லியே வாழ்கிறோம். என் துணைவரின் தமையனுக்கு நான் கடைசிவரை வாடகை பகிர்ந்த பெடியன்தான்.

செத்தவீட்டு வேலையிலேயே கவனம் தேவை. இறுதிச் சடங்கு நிறுவனத்தில் நிரப்பும் விவரங்கள்தான் மரணச் சான்றிதழுக்குப் போகும். சொந்தக்காரர் நிரப்பினால் 'திருமணமாகாதவர்' என்பதோடு முடிந்துவிடும். கூச்சப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம் ஆதாரங்கள். எத்தனை காலம், ஒரே வீடா, காசு எப்படிப் புழங்கியது, வீட்டு வேலையை யார் செய்தார்கள், வெளியாருக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஊருக்குச் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் வழக்கு தோற்காது. எனக்குக் கைகொடுத்தது ஓர் ஆஸ்பத்திரிப் படிவம்: நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயர், பக்கத்தில் 'பார்ட்னர்' என்று அவருடைய கோணல் கையெழுத்தில். வரிப் படிவத்தில் துணை இல்லை என்று போட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டும். காரணத்தை உங்கள் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நண்பர்களின் சத்தியக் கடதாசியில் 'நல்ல சோடி' என்று எழுதுவதால் பலனில்லை. 'சனிக்கிழமைகளில் ஃபிளெமிங்டன் சந்தைக்கு இரண்டு பேரும் வருவார்கள், மரக்கறிக்குக் காசு கொடுப்பது இவர், பை தூக்கிக்கொண்டு முணுமுணுப்பது அவர்' என்று எழுதினால் அது சாட்சி.

சொத்தை நிர்வகிக்கும் அனுமதியை நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். விண்ணப்பிக்கப் போவதை அதற்கு 14 நாட்களுக்கு முன்பே நீதிமன்றத்தின் இணையப் பதிவகத்தில் அறிவிக்க வேண்டும். குடும்பத்தார் முந்திக்கொள்வார்கள் என்று தெரிந்தால் 'கேவியட்' (உங்களைக் கேட்காமல் அனுமதி கொடுக்க வேண்டாம் என்ற அறிவிப்பு) போட்டுத் தடுக்கலாம். உயில் இருந்து, அதில் எல்லாம் பெற்றோருக்கே என்றிருந்தாலும், இறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் உங்களுக்குப் பங்கு கேட்டு வழக்குப் போடலாம்.

வீடு இரண்டு பேரின் பெயரிலும் கூட்டு உரிமையாக இருந்தால் நேரே உங்களுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்துக் காணிக்கு இந்தச் சட்டம் எட்டாது.

சூப்பர் பணம், அதாவது வேலைக்காலத்தில் சேரும் ஓய்வூதியச் சேமிப்பு, தனிக் கதை. அது தானாகச் சொத்துக் கணக்கில் சேராது. இன்னாருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த, செல்லுபடியாகும் கட்டாய நியமனம் இல்லையென்றால் யாருக்கு என்று நிதியின் அறங்காவலரே தீர்மானிப்பார். உடனே அவர்களுக்கு எழுதி உங்களைத் தெரியப்படுத்துங்கள். முடிவைச் சொல்லிக் கடிதம் வந்தால் ஆட்சேபிக்க 28 நாள்தான். தபால்பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள்.