இசட்எஃப்எஸ் பூலில் கெட்டுப்போன டிஸ்கை மாற்றுவது எப்படி?

இசட்எஃப்எஸ் என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக, அதாவது 'பூல்' ஆக, நடத்தும் கோப்பு முறைமை. அதில் நான்கு டிஸ்க் போட்ட ரெய்டு-இசட்1 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு) பூல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டாலும் தரவு தப்பிக்கும். இரண்டாவதும் போனால் மொத்தமும் போச்சு. அந்த இரண்டாவதை அவசரத்தில் நாமே உருவிவிடக்கூடாது. அதனால்தான் கீழே அடையாளம் காணும் வேலையைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. கெட்டது டிஸ்க்தானா?

'இசட்பூல் ஸ்டேட்டஸ்' அடியுங்கள். பூல் 'டீகிரேடட்' என்றும், ஒரு டிஸ்க் 'ஃபால்ட்டட்' அல்லது 'அன்அவெயில்' என்றும் காட்டும். உடனே புது டிஸ்க் வாங்க ஓட வேண்டாம். 'ஸ்மார்ட்சிடிஎல்' மூலம் அந்த டிஸ்கின் ஸ்மார்ட் அட்டவணையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகளில் கடைசி மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் டிஸ்கை மெஷினோடு இணைக்கும் சாட்டா கேபிள் மேல். கேபிளை மாற்றி, 'இசட்பூல் கிளியர்' கொடுத்து, ஒரு ஸ்க்ரப் (பூலிலுள்ள தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட்டுங்கள். 199-இன் எண் பழையபடி இறங்காது. மேலே ஏறாமல் நின்றால் போதும்.

2. பேக்கப்

முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். பூல் இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறது.

3. எந்த இடத்தில் எந்த டிஸ்க்?

லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே கூடாது. மறுதொடக்கத்தில் அவை இடம் மாறலாம். சீரியல் எண்தான் கணக்கு. 'டெவ்' அடைவுக்குள் 'டிஸ்க்', அதற்குள் 'பை-ஐடி' என்ற அடைவில் ஒவ்வொரு டிஸ்கும் தன் சீரியல் எண்ணோடு இருக்கும். அதையும் டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளையும் ஒப்பிடுங்கள்.

டிஸ்க் அடியோடு செத்துவிட்டால் அதன் எண் பட்டியலிலேயே வராது. அப்போது உயிரோடு இருக்கும் மூன்றின் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்தால் அந்தத் தாளில் இல்லாத எண் எதுவோ அதுதான் ஆள். ஓடும்போதே டிஸ்கைக் கழற்றி மாட்டும் ஹாட்-ஸ்வாப் வசதி இல்லையென்றால் மெஷினை அணைத்துவிட்டே கை வையுங்கள்.

4. புது டிஸ்க்

கொள்ளளவு பழையதற்குக் குறையக்கூடாது. எஸ்எம்ஆர் வகை (தரவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும் டிஸ்க்) வேண்டாம், மறுகட்டமைப்பில் அது இழுத்தடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ஆகவே டிஸ்க் வந்த பெட்டியின் மேல் 'நாஸ்' (நெட்வொர்க் சேமிப்பகத்துக்கானது) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

5. மாற்றுவது

காலி சாட்டா போர்ட் இருந்து, பழைய டிஸ்க் இன்னும் ஓரளவு படிக்கிறதென்றால் அதைக் கழற்றவே கழற்றாதீர்கள். புதியதைப் பக்கத்தில் மாட்டி, 'இசட்பூல் ரீப்ளேஸ்', பூலின் பெயர், பழைய டிஸ்க், புது டிஸ்க் என்ற வரிசையில் கொடுங்கள். வேலை முடியும்வரை பழையதிலிருந்தும் படித்துக்கொள்ளும். முடிந்ததும் தானே அதைப் பூலிலிருந்து விலக்கிவிடும். போர்ட் இல்லையென்றால் முதலில் 'இசட்பூல் ஆஃப்லைன்', அப்புறம் டிஸ்கை மாற்றி, அதே ரீப்ளேஸ்.

'இசட்பூல் ஆட்' மட்டும் வேண்டாம். அது எதையும் மாற்றாது, புது டிஸ்கைத் தனி அங்கமாகப் பூலோடு சேர்க்கும். எச்சரிக்கை வரும்தான், ஹைஃபன் எஃப் போட்டு அதை அமுக்கிவிட்டால், ரெய்டு-இசட் பூலிலிருந்து அதைப் பிறகு பிரிக்க வழியில்லை.

6. காத்திருப்பு

இனி நடப்பது 'ரீசில்வர்'. எழுதியிருக்கும் தரவை மட்டுமே அது மறுகட்டமைக்கும், காலி இடத்தைத் தொடாது. இருந்தும் நிறைந்த பூல் என்றால் மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் ஓடும். எவ்வளவு முடிந்தது என்பதை 'ஸ்டேட்டஸ்' காட்டும். நடுவில் வேறொரு டிஸ்க் நாலைந்து பிழை காட்டினால் பதறி அதையும் உருவாதீர்கள், முடியட்டும்.

முடிந்த பின் 'இசட்பூல் ஸ்க்ரப்' ஒன்று ஓட்டி, 'ஸ்டேட்டஸ்' கட்டளையோடு ஹைஃபன் வி சேர்த்துப் பாருங்கள். பழுதான கோப்புகள் இருந்தால் பெயரோடு பட்டியல் வரும். அவற்றை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டால் சரி. பழைய டிஸ்கின் சீரியல் எண் கையில் இருக்கிறதே, அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்து வாரண்டி மிச்சமிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.