நர்சிங் படிக்கப் பணம் திரட்டுவது எப்படி?

நர்சிங் சேரப்போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "லோன் கிடைக்குமா அக்கா?" என்பதுதான். லோன் கடைசியில் வரட்டும். முதலில் ஒரு நோட்டை எடுத்து மொத்தச் செலவையும் எழுதச் சொல்வேன்.

கல்லூரி சொல்லும் கட்டணம் அதில் ஒரு வரிதான். யூனிபார்ம், எட்டு மணி நேரம் நின்றாலும் தாங்குகிற ஷூ, ஸ்டெதஸ்கோப், நொடி முள் உள்ள கடிகாரம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, தேர்வுக் கட்டணம், முடித்த பிறகு நர்ஸாகப் பதிவு செய்யும் கட்டணம், பயிற்சிக்குப் போஸ்டிங் போகும் மருத்துவமனைக்குப் பஸ் செலவு என்று எல்லாம் வரும். நான் எழுதாமல் சேர்ந்தவள். இரண்டாம் வருடம் தொலைவில் ஒரு மருத்துவமனையில் போஸ்டிங் போட்டார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். புத்தகத்துக்கு வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது.

பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. கட்டியது மொத்தமும் போச்சு.

சரி, இனி பணம். திருப்பித் தர வேண்டாத பணத்தை முதலில் தேடுங்கள். அரசு உதவித்தொகை, கல்லூரியின் சொந்த நிதி, செவிலியர் சங்கங்கள், மருத்துவமனை அறக்கட்டளைகள், பெற்றோர் வேலை பார்க்கும் நிறுவனம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிறிய தொகையை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்கு விண்ணப்பிப்பவர்கள் குறைவு. விண்ணப்பத்தில் "சேவை செய்ய ஆசை" என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். படுக்கையில் கிடந்த என் பாட்டிக்குப் புண் வராமலிருக்க, இரவு முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் வந்து புரட்டிப் படுக்கவைத்த நர்ஸைப் பற்றித்தான் நான் எழுதினேன். கிடைத்தது. உதவித்தொகை வாங்கித்தர முன்பணம் கேட்பவரிடம் மட்டும் போகவே வேண்டாம்.

அடுத்தது, வேலை செய்து கழிக்கும் பணம். மருத்துவமனை படிக்கவைக்கும், முடித்ததும் அங்கே சில வருடம் வேலை பார்க்க வேண்டும். இது பழைய ஏற்பாடு. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் நர்சிங் பள்ளி தொடங்கியபோதே மாணவியருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கைச்செலவுக்கு வருடம் 10 பவுண்டும் கொடுத்தார்கள். போர்க்காலத்தில், 1943இல், அமெரிக்க அரசு கேடட் நர்ஸ் கோர் என்ற பெயரில் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் கொடுத்துப் படிக்கவைத்தது. போர் முடியும்வரை நர்ஸ் வேலையில் இருப்போம் என்று மாணவியர் உறுதி தந்தார்கள்.

நல்ல வழிதான், ஆனால் இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதித்தரும் பாண்ட் பேப்பரை வரி வரியாகப் படிக்க வேண்டும். வருடக் கணக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, பதிவு எண் வந்த நாளிலிருந்தா? பாண்ட் காலத்தில் மற்றவர்களுக்குத் தரும் அதே சம்பளமா? பிரசவ விடுப்பு கணக்கில் சேருமா? ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? நடுவில் விலகினால் முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. இரண்டு வருட பாண்டில் ஒன்றரை வருடம் முடித்திருந்தபோது அப்பா படுத்துவிட்டார். வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முழுத் தொகையும் கட்டித்தான் சான்றிதழை வாங்கினேன். அந்த ஒன்றரை வருட இரவு டியூட்டிக்குக் கணக்கே இல்லை. "மீதி மாதங்களுக்கு மட்டும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

முதலில் நர்சிங் உதவியாளராகச் சேர்ந்து, நிர்வாகத்தின் உதவியோடு படிப்படியாக மேலே படிப்பவர்களும் உண்டு. காலம் பிடிக்கும், கடன் குறையும்.

அப்புறமும் பள்ளம் இருந்தால் கல்விக் கடன். படிக்கும்போதே வட்டி ஏறுமா என்று கேளுங்கள். ஏறுமென்றால், முடிந்தவரை அந்த வட்டியையாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். அனுமதித்த தொகை முழுவதையும் எடுக்காமல், அந்த வருடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். சில நாடுகளில் நர்ஸ் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை பார்த்தால் கடனில் ஒரு பங்கை அரசே அடைக்கும். அமெரிக்காவின் நர்ஸ் கோர் திட்டத்தில் இரண்டு வருட வேலைக்குப் பாக்கியில் 60 சதவீதம்.

படிப்பின் நடுவில் கை வறண்டால் கட்டணக் கெடு தாண்டும்வரை ஒளிந்திருக்காதீர்கள். நான் கெடுவுக்கு நான்கு நாள் முன்பே அலுவலகத்துக்குப் போனேன். மூன்று தவணையாகப் பிரித்தார்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதி, முத்திரை போட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.