ஜார்ஜ் டவுனிலிருந்து பாலிக் பூலாவ் சுற்று: சைக்கிளில் எப்படி ஓட்டுவது

மலேசியாவின் பினாங்குத் தீவில் ரோடு பைக் வாங்குகிற எல்லாரும் சில மாதத்தில் கேட்கும் கேள்வி இது: "பாலிக் பூலாவ் சுற்று என்னால் முடியுமா?" முடியும். தட்டையான சாலையில் 40 கிலோமீட்டர் அலுக்காமல் ஓட்டுகிறவர் யாரும் இதை முடிக்கலாம். ஆனால் வழியில் மலை ஏற்றம் இரண்டு இருக்கிறது, அதில் இரண்டாவதுதான் கடினம், அது வரும்போது வெயிலும் ஏறியிருக்கும், காலும் களைத்திருக்கும். முதல் ஏற்றத்திலேயே முழு மூச்சையும் கொட்டிவிட்டு, பாலிக் பூலாவ் ஊரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டு வண்டியை வரச்சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டாவது மலைக்கு மிச்சம் வைத்து ஓட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

வழி எளிது. ஜார்ஜ் டவுனிலிருந்து வடக்குக் கரையோரமாகத் தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங். அங்கிருந்து தெற்கே திரும்பி, அணையைக் கடந்து, தித்தி கெராவாங் மலையேறி இறங்கினால் பாலிக் பூலாவ். பிறகு ஜாலான் துன் சார்டோன் என்ற சாலை வழியாக மலையைத் தாண்டி பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், மறுபடி நகரம். மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆறாம் எண் கூட்டரசுச் சாலை என்பதால் வழி தவறுவது அரிது.

இதே வழியைத் தலைகீழாகவும் ஓட்டலாம், சிலர் அப்படித்தான் போகிறார்கள். நான் சொல்வது இடஞ்சுழியாக, அதாவது கடற்கரைப் பக்கம் முதலில். காரணம் இருக்கிறது. பத்து பெரிங்கியின் ஓட்டல்களில் தங்கியிருப்பவர்கள் எழுந்து வெளியே வருவதற்குள் அந்தக் குறுகிய வளைவுகளைத் தாண்டிவிடலாம். துன் சார்டோனின் பாலிக் பூலாவ் பக்கம் மேற்கு நோக்கிய சரிவு, காலைச் சூரியனை மலையே மறைக்கும். ஒன்பது மணிக்குள் அந்த அடிவாரத்துக்கு வந்துவிட்டால் பாதி ஏற்றம் நிழலில் போகும். பத்தரைக்கு வந்தால் அந்த நிழல் இருக்காது.

சரி, எத்தனை மணிக்குக் கிளம்புவது? இங்கே விடிய ஏழு மணி ஆகிவிடும், ஆண்டின் தொடக்கத்தில் ஏழரை. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியதன் விளைவு அது. தமிழ்நாட்டிலிருந்து வந்து சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்கள் ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்கும் என்று நினைத்து விளக்கில்லாமல் இறங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். ஆறேகாலுக்குக் கிளம்புங்கள், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரியட்டும், பின்விளக்கைச் சுற்று முடியும்வரை அணைக்காதீர்கள். தித்தி கெராவாங் காட்டுக்குள் எட்டரை மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும்.

வண்டியில் கவனிக்க வேண்டியது கியர். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 பல் இருந்தால் முழங்கால் பிழைக்கும். பின்னால் 25 தான் இருக்கிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள், புதுச் சட்டை அப்புறம் வாங்கலாம். டயர் 28 மில்லிமீட்டர் நல்லது, காற்றைக் கல்லாக அடிக்க வேண்டாம், ஏனென்றால் இறக்கத்தில் சாலை ஈரமாக இருக்கும் நாள்தான் அதிகம். இரண்டு தண்ணீர் பாட்டில், ஒன்றில் உப்பு கலந்த பானம். ஒரு டியூப், பம்பு, டயர் நெம்பும் கட்டை. தெலுக் பாஹாங்கைத் தாண்டினால் பாலிக் பூலாவ் வரும்வரை பஞ்சர் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

கர்னி டிரைவ் தாண்டித் தஞ்சோங் தோக்கோங் வரை தட்டை. அங்கே கால் துடிக்கும், வேகமாக மிதிக்கத் தோன்றும். அடக்கி ஓட்டுங்கள். தஞ்சோங் பூங்காவில் கடல்மேல் நிற்கும் மசூதியைக் கடந்ததும் சாலை மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வொன்றும் சின்ன மேடுதான், ஆனால் ஐந்தாறு மேட்டை எழுந்து நின்று குத்திக் குத்தி ஏறினால் மலை வருமுன்பே தொடை கல்லாகிவிடும். உட்கார்ந்தே, கியரைக் குறைத்து, பேசிக்கொண்டு ஓட்டும் அளவில் போங்கள். இந்தப் பகுதியில் சாலையோரத்தில் கால்வாய் ஒட்டி வருகிறது, கார்களுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கினால் அவை இடித்துக்கொண்டு முந்தப் பார்க்கும். வளைவுகளில் தடத்தின் நடுப்பக்கமாக, பின்னால் வருகிறவர் கண்ணில் படும்படி ஓட்டுவதுதான் பாதுகாப்பு.

பத்து பெரிங்கி என்ற பெயரை மலாய் மொழியில் பார்த்தால் 'பத்து' என்றால் கல், 'பெரிங்கி' நம் பரங்கி. சென்னைக்கு ஒரு பரங்கிமலை இருப்பதுபோல் இங்கே ஒரு பரங்கிக் கல். அந்தக் கடற்கரையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தெலுக் பாஹாங்கில் ஒரு வட்டச் சாலை. நேரே போனால் தேசியப் பூங்காவோடு சாலை முடிந்துவிடும், நீங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்புமுன் நின்று தண்ணீர் நிரப்பி ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள், வாழைப்பழம் போதும். அடுத்து அணைக்கரை ஏற்றம். அதைப் பார்த்து இதுதான் மலை என்று நினைத்து முழு மூச்சில் ஏறுகிறவர்கள் பலர். மலை அதற்குப் பிறகுதான். அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி மூச்சை ஆற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து போகும் ஏற்றத்தைத் தொடங்குங்கள். இது கடற்கரை மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் ஏறும், ஆனால் பொறுமையான ஏற்றம், பெரும்பாலும் மரநிழல். மூக்கால் மூச்சுவிட முடிகிற வேகம் சரியான வேகம். வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கினால் இன்னும் ஒரு கியர் இறக்குங்கள். நண்பர் முந்திப் போனால் போகட்டும், உச்சியில் காத்திருப்பார். நெடுவால் குரங்குகள் சாலையோரம் உட்கார்ந்திருக்கும், அங்கே மட்டும் நின்று தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

இறக்கம்தான் எனக்கு உண்மையில் கவலை தரும் இடம். தித்தி கெராவாங் அருவி சாலையை ஒட்டியே விழுகிறது, மரங்கள் மூடியிருப்பதால் முந்தைய நாள் மழை காலை வரை காயாது, வளைவுகளில் இலைச் சருகு ஒட்டிக்கிடக்கும். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தேன், பின்சக்கரம் வழுக்கி, இடுப்பும் முழங்கையும் தேய்ந்து, இரண்டு வாரம் ஒருக்களித்துத்தான் படுத்தேன். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கைகள் ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்திருக்கட்டும், வெளிப்பக்கக் கால் கீழே ஊன்றியிருக்கட்டும், கண் அந்த வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வைக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். டுரியான் பருவத்தில், மே கடைசியிலிருந்து ஜூலை வரை, இன்னும் ஒரு மடங்கு எச்சரிக்கை வேண்டும்: வளைவு முடியும் இடத்தில் பழக்கடை இருக்கும், கார் திடீரென்று நிற்கும். முழு டுரியான் தலையில் விழுந்தால் ஹெல்மெட்டும் போதாது, ஆகவே தோட்டத்து மரத்தடியில் ஓய்வெடுக்காதீர்கள்.

கீழே சுங்கை பினாங்கு வந்ததும் காற்றே மாறிவிடும். கம்பத்து (சிற்றூர்) வீடுகள், தென்னை, அப்பால் வயல். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இப்படி ஓர் இடம் இருப்பதை எத்தனை முறை ஓட்டினாலும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாலிக் பூலாவ் என்றால் தீவின் பின்புறம் என்று பொருள், பொருத்தமான பெயர்தான்.

பாலிக் பூலாவ் நகரில் பசியாறுங்கள், ஆனால் அளவோடு. இரண்டு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), பருப்புக் கறி, பாலில்லாத தேநீரான தே ஓ ஒன்று. இங்கத்து லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸ் சூப் பேர்போனது, ஆனால் ஒரு கிண்ணம் லக்சாவை விழுங்கிவிட்டு உடனே மலையேறினால் புளிப்பும் காரமும் நெஞ்சில் நிற்கும். அதற்கென்று இன்னொரு நாள் காரில் வாருங்கள். ஜாதிக்காய்ச் சாறு குடிக்கலாம், இந்த மண்ணில் விளைந்தது, வயிற்றுக்கும் இதம். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், கால் இறுகிவிடும்.

துன் சார்டோன் ஊரைத் தாண்டியதும் தொடங்கும். தித்தி கெராவாங்கைவிடக் குறுகிய ஏற்றம், ஆனால் மூச்சுவாங்க இடம் தராது, வளைவுகளில் உள்பக்கம் செங்குத்தாக எழும். முதல் ஐந்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக மிதியுங்கள். வண்டியை ஓரளவு வெளிப்பக்கமாக வைத்து ஏறினால் சரிவு குறையும், ஆனால் பின்னால் லோரி வருகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் இறங்கித் தள்ளலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. ஒரு முறையாவது திரும்பிப் பாருங்கள், பாலிக் பூலாவ் சமவெளியும் அதற்கப்பால் கடலும் தெரியும். உச்சிப் பக்கம் ஆஞ்சோங் இண்டாவில் கடைகள் உண்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

மழை பெய்துகொண்டிருந்தால் இந்த மலையில் ஏறாதீர்கள். 2017 நவம்பர் பெருமழையில் தீவில் பல இடங்களில் மண் சரிந்தது, இந்த வெட்டுச்சரிவுகள் ஈரத்தில் நம்பத் தகுந்தவை அல்ல. செப்டம்பர், அக்டோபர்தான் மழை மிகுந்த மாதங்கள், மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு வரும் என்பதால் பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இறங்கியதும் சமிக்ஞை விளக்கு, அடுக்குமாடிகள், நெரிசல். இடப்பக்கம் திரும்பினால் பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், கெக் லோக் சி கோயில், அப்புறம் நகரம். இதுதான் குறுக்கு வழி, ஆனால் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் உரசிப் போகும். வலப்பக்கம் ரெலாவ் வழியாகக் கிழக்குக் கடற்கரைக்குப் போனால் சில கிலோமீட்டர் கூடும், ஆனால் கடலோரம் சைக்கிள் பாதையில் நிம்மதியாக வரலாம். முதல் தடவை வருகிறவர்களை நான் எப்போதும் வலப்பக்கம்தான் அழைத்துப் போகிறேன். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் இந்தச் சுற்றையே தள்ளிவையுங்கள், ரதம் போகும் சாலைகள் மூடியிருக்கும். அன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போவதுதான் முறை.

வீடு வந்ததும் குளிக்கும் முன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கடற்காற்றின் உப்பும் மலைச் சேறும் சேர்ந்து ஒரே வாரத்தில் சங்கிலியைத் துருவேற்றிவிடும். துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.