முதலில் பெயர், பிறகு அழகு: குடும்பப் படங்களை டிஜிகேமில் ஒழுங்குபடுத்துவது

கும்பகோணத்தில் எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் என் மடிக்கணினியில்தான் வந்து சேர்கின்றன. 2004, 2016 மகாமகங்கள், பதினெட்டாம் பெருக்குக்கு அரசலாற்றங்கரையில் எடுத்தவை, 2018 கஜா புயலில் சாய்ந்த உறவினர் தென்னந்தோப்பு, தாத்தா காலத்துக் கல்யாணப் படங்களின் ஸ்கேன். இவற்றுக்கு நான் பயன்படுத்துவது டிஜிகேம். இலவச மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். வெளிச்சம் கூட்டுவதை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லும் ஆள் அடுத்த வருஷம் இருப்பாரா என்பது நம் கையில் இல்லை. அதனால் பெயர் எழுதும் வேலையை முதலில் முடியுங்கள்.

படங்களை ஒரே கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள். கணினியில் இருக்கும் கோப்புறையைத்தான் டிஜிகேம் ஆல்பமாகக் காட்டுகிறது. அதனுள் இருக்கும் கோப்புறைகளுக்கு '2016-02-22 மகாமகம்' என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிட்டால் எல்லாம் கால வரிசையில் நிற்கும்.

அடுத்தது, பலர் தவறவிடும் அமைப்பு. செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தோடு சேரும் விவரங்கள்) பகுதிக்குப் போய், டேக் (படத்துக்கு ஒட்டும் பெயர்க் குறிச்சொல்), தலைப்பு, முகக் குறிப்பு ஆகியவற்றைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லும் கட்டங்களை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதியது டிஜிகேமின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். படத்தை நகலெடுத்துத் தங்கைக்குக் கொடுத்தால் பெயர் கூடப் போகாது. தமிழிலேயே எழுதலாம்.

முகம் தேடும் வசதி முதல் தடவை சில கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும். பிறகு நம் கணினியிலேயே வேலை செய்யும். சில முகங்களுக்கு நீங்கள் பெயர் கொடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு அதுவே ஊகித்துக் கேட்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், பந்தியில் தலை குனிந்து சாப்பிடுகிறவரை அது கண்டுபிடிக்காமல் போகலாம். அங்கே கையால் கட்டம் போட்டுப் பெயர் எழுதுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்வது உத்தமம். 'இது மாப்பிள்ளை இல்லடா, மாப்பிள்ளைத் தோழன்' என்று என் அத்தைதான் சொன்னார். எந்த மென்பொருளும் சொல்லாது. அவர் சொல்லும் கதையையும் தலைப்புப் பெட்டியில் அப்படியே தட்டச்சு செய்துவிடுவேன்.

டேக்கில் 'பெரியப்பா' என்று எழுதாதீர்கள். எனக்குப் பெரியப்பா, என் மகளுக்குத் தாத்தா. இயற்பெயரோடு ஊரையும் சேருங்கள். சுவாமிமலை பக்கத்தில் இருப்பதால் எங்கள் உறவில் சாமிநாதன்கள் பலர். 'சாமிநாதன், வலங்கைமான்', 'சாமிநாதன், திருவிடைமருதூர்' என்று இருந்தால்தான் குழப்பம் வராது.

ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகியிருக்கும். தேதி மாற்றும் கருவியால் திருத்துங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று போட்டு, 'தேதி தோராயம்' என்று தலைப்பில் குறியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் கோப்புப் பெயரில் இருப்பது அது வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, உள்ளிருக்கும் விவரங்களையும் நீக்கிவிடும். உறவினர்களிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு திருத்தம். எடிட்டரில் மாற்றிச் சேமிக்கும்போது மூலப் படத்தைத் தொடாமல் புதிய பிரதியாக வைக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஜேபெக் படத்தின் மேலேயே திரும்பத் திரும்பச் சேமித்தால் தரம் குறையும். தாராசுரத்தில் கீழிருந்து அண்ணாந்து எடுத்த கோயில் விமானம் பின்னால் சாய்ந்தது போல் தெரியும். பெர்ஸ்பெக்டிவ் கருவி அதை நிமிர்த்தும். ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தின் மஞ்சளை ஒயிட் பேலன்ஸால் (நிறச் சாயலைச் சரிசெய்யும் கருவி) முழுக்க எடுத்துவிடாதீர்கள். அந்த மஞ்சள்தான் அந்த அறை. பாதியளவு குறைத்தால் போதும், பட்டுப்புடவையின் அரக்கு நிறம் தெரியவரும்.

கடைசியாக இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். புயலும் வெள்ளமும் வரும் பகுதி நம்முடையது. ஒன்றையாவது வேறு ஊரில் வையுங்கள். என்னுடையது ஒன்று திருச்சியில் தம்பி வீட்டில் இருக்கிறது. படங்களோடு டிஜிகேமின் தரவுத்தளக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். நகலெடுக்கும் முன் டிஜிகேமை மூடிவிடுங்கள்.