கையெழுத்து போடாமல் வீட்டுக்கு வாருங்கள்

"பத்து நிமிஷம் பேசலாமா" என்று எச்ஆர் (மனிதவளத் துறை) கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் உங்கள் பெயர் போட்டு டைப் செய்த ராஜினாமாக் கடிதம் மேஜை மேல் இருக்கிறது, பக்கத்திலேயே மூடி கழற்றிய பேனா. சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஐடி கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த எனக்கு அப்படித்தான் நடந்தது, நான் போட்டுவிட்டேன். இப்போதே போட்டால் ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்) சுத்தமாக வரும், இல்லையென்றால் டெர்மினேஷன் (பணிநீக்கம்) என்று பதிவாகும் என்றார்கள். எதையும் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் அந்த நிலைக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராஜினாமா என்றால் நீங்களே விரும்பி விலகியதாகக் கணக்கு. கம்பெனி ஆள்குறைப்பு செய்ததாகப் பதிவானால் கதை வேறு. ஒரு வருஷம் முடித்த ஊழியருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மேலாளர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று கம்பெனி வாதாடும். பதவிப் பெயரை விட நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் அந்த அறையில் நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புங்கள், படித்துப் பார்த்து இரண்டு நாளில் பதில் சொல்கிறேன்." போர்டலில் ரிசைன் பட்டனை நீங்களே அழுத்தச் சொன்னாலும் இதே பதில்தான். அன்று இரவே எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எச்ஆருக்கு ஒரு மெயில் எழுதி, அதன் நகல் உங்களிடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடிக்காரனுக்கு எந்தச் சட்டமும் கிடையாது என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2015 ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய ஆள்குறைப்பு நடந்தபோது, கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்திவிட்டது. தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசலாம். அந்தப் பணம் வீண் போகாது.

அடுத்தது பேப்பர். கம்பெனி லேப்டாப்பை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிய நிமிடமே சம்பள போர்டலும் மூடிவிடும் என்பதால் பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), ஆஃபர் லெட்டர், இன்கிரிமெண்ட் லெட்டர் எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் மென்பொருள் கோடு, கிளையண்ட் ஃபைல் எதையும் தொடாதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் பழி போட்டுவிடுவார்கள்.

ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷக் கணக்கால் பெருக்குங்கள். அடிப்படை 40,000, ஆறு வருஷம் என்றால் குறைந்தது சுமார் 1,38,000 ரூபாய். செட்டில்மெண்ட் தாளில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஃப் பணத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. பத்து வருஷப் பணி முடிந்தால்தான் மாதப் பென்ஷன் என்பதால், இடையில் அந்தப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலில் இருந்து தொடங்கும். புது வேலை கிடைத்ததும் பிஎஃப் கணக்கை அதே யுஏஎன்னில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில் இருந்தால், அந்த நாளுக்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பேசி தனிப் பாலிசியாக மாற்ற வழி கேளுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போகாதீர்கள், தவறுவதற்கு முன்பே போங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் பட்டியலில் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு வங்கி பேசும் விதமே மாறிவிடும்.

இதையெல்லாம் விடக் கஷ்டம், வீட்டில் சொல்வது. என் நண்பர் ஒருவர் மூன்று வாரம் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, திருவான்மியூர் கடற்கரையில் வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஆபீஸ் பஸ் வரும் நேரத்துக்கு வீடு திரும்புவார். மனைவிக்குக் கடைசியில் பக்கத்து வீட்டார் மூலம்தான் தெரிந்தது. வேலை போனதை விட, மறைத்ததுதான் அவரை அதிகம் உடைத்தது. அன்று இரவே சொல்லிவிடுங்கள். அரிசி, வாடகை, பள்ளிக்கட்டணம், கடன் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினால், கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும் என்பது தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அப்புறம் வேலை தேடுவது. முன்னால் கூட வேலை பார்த்தவர்களுக்கு மெசேஜ் போடாமல் நேரடியாகப் போன் செய்யுங்கள். எனக்கு அடுத்த வேலை வந்தது, நாலு வருஷமாகப் பேசாதிருந்த ஒரு பழைய டீம் லீட் மூலம். இண்டர்வியூவில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், "புராஜெக்ட் முடிந்தது, டீமையே குறைத்தார்கள்" என்று நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, செய்த வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

பணம் கட்டினால் வேலை என்பவரை நம்பவே வேண்டாம். 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள், மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கி, அரசு தலையிட்டு மீட்கவேண்டி வந்தது. வெளிநாட்டு வேலை என்றால், அந்த ஏஜெண்ட் பெயர் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டை வெளியே எடுங்கள்.