மேடையில் குழல் மாற்றும்போது சுருதி விலகாமல் இருக்க

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1. இரவு எத்தனை மணி ஆனாலும் புழுக்கம் குறையாது. அந்த மெல்லிசைக் கச்சேரிகளில் புல்லாங்குழல் சுருதி ஏறி நிற்கும், கீபோர்டு இம்மியும் நகராது. அதே குழலை வேலூரில் ஏசி மண்டப ரிசப்ஷனுக்கு எடுத்துப் போனால் இறங்கிப் பேசும். குழலுக்குள் காற்றின் சூடு 15 டிகிரி கூடினால், அரைக் கட்டையில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான சுருதி தூரம்) கிட்டத்தட்ட பாதி ஏறிவிடும். அதனால் வீட்டில் சுருதி காட்டும் ட்யூனர் வைத்துப் பார்த்த கணக்கை நான் நம்புவதில்லை.

பாட்டு வரிசை கைக்கு வந்ததும் குழல்களை அதே வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு குழலிலும் அதன் சுருதியைச் சொல்லும் கட்டை எண்ணை வெள்ளை பெயிண்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். மங்கல் வெளிச்சத்தில் ஐந்தும் ஐந்தரையும் ஒன்றுபோலவே இருக்கும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் பையை வைக்காதீர்கள்.

அடுத்த குழலை, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் கடைசிச் சரணத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். துளைகளை எல்லாம் மூடி, மூக்குக் கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல் சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே விடுங்கள். ஏசி மேடையில் இதைத் தவிர்த்தால் முதல் வரி முழுக்க இறங்கித்தான் கேட்கும்.

ஆனால் பெரும்பாலும் காலை வாருவது உதடுதான். சின்னக் குழலுக்குக் காற்று மெல்லிசாக, வேகமாகப் போக வேண்டும். அதே பழக்கத்தில் பேஸ் குழலை (தாழ்ந்த சுருதிக்கான பெரிய குழல்) ஊதினால் சுருதி ஏறும், சில சமயம் மேல் ஸ்தாயிக்கே தாவிவிடும். பேஸிலிருந்து சின்னதுக்கு வரும்போது உதடு தளர்ந்திருக்கும், அதனால் இறங்கும். எனவே குழலை மாற்றியதும் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, கீபோர்டு சத்தத்துக்கு அடியில் சட்ஜத்தை (ஸ) மெதுவாக ஒரு முறை பிடித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் வாய்த்துளையை உதட்டுப் பக்கம் கொஞ்சம் உருட்டுங்கள், இறங்கியிருந்தால் வெளிப்பக்கம். ஊதும் பலத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால் சத்தமும் சேர்ந்து மாறும், மிக்ஸரில் இருப்பவர் கடுப்பாவார்.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் ஏறினால், அந்த ஸ்வரம் பேசும் துளையின் ஓரத்தை செலோடேப்பால் துளி மூடினால் போதும். எல்லாமே ஏறி, உருட்டியும் அடங்காவிட்டால் கீபோர்டுக்காரரிடம் மொத்தச் சுருதியையும் கொஞ்சம் ஏற்ற, ட்யூனிங் அளவான 440 ஹெர்ட்ஸை 442 ஆக்கச் சொல்வேன். பேஸ் கிட்டார் தம்பி முறைப்பான், அவனும் கம்பியைத் திருக வேண்டுமே.